முதுமைக் கண்ணும் றைபிளின் குறியும்

துரோணர் வைத்த சோதனையில், மரக்கிளையிலிருந்த பறவையின் தலையன்றி வேறெதுவும் தன் கண்ணுக்குப் புலப்படவில்லை என அருச்சுனன் விடை கூறியதாகப் பாரதக்கதை உரைக்கும். குறிபார்த்தலுக்கு இதனையே இலக்கணமாக எடுத்துக்காட்டுவோர் பலர். ஆயின், இரும்புக் குறிகள் பொருத்திய றைபிளைக் கையாள்பவருக்கு இவ்விலக்கணம் பொருந்தாது. அவர் இலக்கை மட்டுமன்றிப் பின்குறி, முன்குறி என்னும் இரண்டனையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். இம்மூன்றும் கண்ணிலிருந்து வெவ்வேறு தூரங்களில் உள்ளன. இளமையில் இஃது ஓர் இடர்ப்பாடாகத் தோன்றுவதில்லை. 40 வயதைக் கடந்த பின்னரோ, கையும் மூச்சும் முன்போல் அடங்கி நிற்கவும், குண்டுகள் இலக்கிற் சிதறத் தொடங்குகின்றன. தம் கை தளர்ந்துவிட்டதென எண்ணித் துவக்கைக் கைவிடுவோரும் உளர். பெரும்பாலும் மாறியது கையன்று; கண்ணினுள்ளிருக்கும் வில்லையே.

அண்மையிலுள்ள பொருளையும் சேய்மையிலுள்ள பொருளையும் மாறி மாறித் தெளிவாகக் காணும் ஆற்றல் கண்ணின் தன்னமைவு எனப்படும். கமராவிலே வில்லை முன்னும் பின்னும் நகர்கின்றது. கண்ணிலோ வில்லை தன் வளைவையே மாற்றிக்கொள்கின்றது. ஆங்கில அறிஞர் தோமஸ் யங், தம் கண்ணின் முன் நீரை நிறுத்தி, விழியின் முன்வளைவு பயனற்றுப்போன நிலையிலும் தன்னமைவு நிகழ்வதைக் கண்டு, அதற்குக் காரணம் உள்வில்லையே என 1801 இல் விளக்கினார். வயது ஏற ஏற இவ்வில்லை இறுகி நெகிழ்ச்சியிழக்கின்றது. வில்லையின் வலுவை அளக்கும் டயொப்டர் என்னும் அலகிற் கூறின், பத்து வயதிற் பத்துக்கு மேற்பட்டிருந்த தன்னமைவு 40 வயதில் ஏறக்குறைய ஐந்தாகவும், 60 வயதில் ஒன்றாகவோ அதனினுங் குறைவாகவோ சுருங்கிவிடுகின்றது. இதனையே நம்மவர் வெள்ளெழுத்து என்பர். புத்தகத்தைக் கைநீட்டிப் பிடித்து வாசிப்பவரின் குறையும், முன்குறி மங்குகின்றதென வருந்துபவரின் குறையும் ஒன்றே.

மீற்றரிற் கூறிய தூரத்தால் ஒன்றை வகுத்தால், அத்தூரத்திலுள்ள பொருளைத் தெளிவாகக் காண வேண்டிய டயொப்டர் அளவு கிடைக்கும். குழலின்மேல் அமைந்த திறந்த பின்குறி கண்ணிலிருந்து 40 சதமமீற்றரில் உள்ளதெனின் அதற்கு 2.5 டயொப்டர் தேவை. 90 சதமமீற்றரிலுள்ள முன்குறிக்கு 1.1 டயொப்டர் தேவை. 100 மீற்றரிலுள்ள இலக்கிற்கோ தேவை ஏறக்குறையப் பூச்சியமே. இளங்கண்ணுங்கூட ஒரே கணத்தில் மூன்றனையும் தெளிவாகக் காண்பதில்லை. அவற்றுக்கிடையே விரைந்து தாவுகின்றது. முதிய கண்ணுக்கு அத்தாவல் இயலாது. எனவே முதியவர் குறி தெரிவுசெய்யும்போது கேட்கவேண்டிய முதல் வினா, எது விலையுயர்ந்தது என்பதன்று. கண் கவனிக்கவேண்டிய தூரங்களை எது குறைக்கின்றது என்பதே. திறந்த குறியில் அவை மூன்று, துளைக்குறியில் இரண்டு, தொலைக்காட்டியிலும் செம்புள்ளிக் கருவியிலும் ஒன்று.

துளைக்குறியில், கண்ணுக்கு அருகே சிறு துளையுள்ள தகடொன்று பின்குறியாக அமைகின்றது. சுடுபவர் துளையை நோக்குவதில்லை, துளையினூடாக நோக்குகின்றார். வட்டத்தின் நடுவே முன்குறியை நிறுத்துதல் கண்ணுக்கு இயல்பாக வருவதாதலின், மூன்றில் ஒரு சுமை நீங்குகின்றது. மேலும், ஊசித்துளைக் கமராவைச் செய்து பார்த்த மாணவர் அறிவர்: துளை சிறிதாகுந்தோறும் அண்மைப் பொருளும் சேய்மைப் பொருளும் ஒருங்கே தெளிவடைகின்றன. கண்மணி 4 மில்லிமீற்றர் விரிந்திருக்க, தன்னமைவு முற்றாக இழந்த கண் 1.1 டயொப்டர் தேவைப்படும் முன்குறியை நோக்கின், ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 15 கலை அகலமுள்ள மங்கல் வட்டமாகத் தோன்றும். கலை என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு. முன்குறியின் அகலம் 2 மில்லிமீற்றராயின் அது கண்ணில் ஏறக்குறைய எட்டுக் கலையே அடக்கும். அதாவது மங்கல், குறியைக் காட்டிலும் பெரிது. 1.2 மில்லிமீற்றர்த் துளையை இடையில் வைத்தால் மங்கல் ஐந்து கலைக்கு உட்படுகின்றது. ஆயினும் துளையை வரம்பின்றிச் சிறிதாக்குதல் கூடாது. ஒளி குன்றுவதோடு, கோணல் என்னும் ஒளியின் இயல்பினால் தெளிவுங் கெடும். வெயிலொளியில் ஒரு மில்லிமீற்றரளவு துளையும், மங்கிய ஒளியில் அதனிலும் பெரிய துளையும் ஏற்றவை.

துளைக்குறிக்கு வேறொரு சிறப்பும் உண்டு. பிரித்தானியப் படையின் லீ-என்பீல்ட் றைபிள்களுள், முதலாம் உலகப்போரிற் பயன்பட்ட வகையிலே திறந்த பின்குறி குழலின்மேல் இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து நான்காம் இலக்க வகையிலே துளைக்குறி கண்ணுக்கண்மையில் வைக்கப்பட்டது. இதனால் இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரம் நீண்டது. அத்தூரம் 50 சதமமீற்றராயின், குறிகளை ஒழுங்குபடுத்துவதில் நேரும் மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குப் பிழை, 100 மீற்றரில் 20 மில்லிமீற்றராகும். 70 சதமமீற்றராயின் அது 14 மில்லிமீற்றராகக் குறையும்.

எஞ்சிய இரு தூரங்களையும் சமன்செய்ய மூக்குக்கண்ணாடி உதவும். ஆனால் வாசிப்புக் கண்ணாடியை அணிந்து குறிபார்த்தல் பெருந்தவறு. 2.5 டயொப்டர் வலுவுடைய அக்கண்ணாடியினூடாக, 4 மில்லிமீற்றர்க் கண்மணியோடு 100 மீற்றர்த் தூரத்தை நோக்கினால், அங்குள்ள ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலத்துக்குப் பரவித் தோன்றும். நிற்பது மானோ மனிதனோ எனப் பிரித்தறிய முடியாத நிலை அது. தகுந்த முறை யாதெனில், தூரப்பார்வைக்கு உரிய கண்ணாடியுடன் அரை டயொப்டரளவு குவிவு வலுவை மட்டும் கூட்டுதலாகும். அப்போது கண் இரண்டு மீற்றரிற் குவியும். மேற்கூறிய துளையுடன் நோக்க, முன்குறியின் மங்கலும் இலக்கின் மங்கலும் இரண்டு அல்லது இரண்டரைக் கலையளவில் நின்றுவிடும். கண்ணிலிருந்து முன்குறிக்குள்ள தூரத்தை வீட்டிலேயே அளந்து குறித்துச் சென்று வைத்தியரிடங் கூறின் போதும். கீழே வலுக்கூடிய இருகுவியக் கண்ணாடியும், வலு படிப்படியாக மாறும் கண்ணாடியும் இதற்கு உகந்தவையல்ல. கட்டையிற் கன்னம் பதிந்தபோது பார்வை கண்ணாடியின் மேற்புறத்து உள்மூலையினூடாகவே செல்கின்றது.

தொலைக்காட்டியில் இலக்கின் விம்பமும் குறுக்குக்கம்பியும் ஒரே தளத்தில் அமைகின்றன. கண் ஒன்றையே நோக்குகின்றது. அதுவும் தளர்ந்த நிலையில் நோக்குகின்றது. வாங்கியவர் முதலிற் செய்யவேண்டுவது, வெறும் வானத்தையோ வெண்சுவரையோ சிறுபொழுது நோக்கி, கண்ணருகு வில்லையைத் திருப்பிக் குறுக்குக்கம்பியைத் தெளிவாக்குதலே. உருப்பெருக்கத்தில் ஆசை மிகுதல் ஆகாது. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 32 மில்லிமீற்றர் வில்லையும் நான்கு மடங்கு பெருக்கமும் உடைய கருவியில் அது எட்டு மில்லிமீற்றர். கண் சற்று விலகினும் காட்சி மறையாது. அதே வில்லையிற் பெருக்கம் பத்து மடங்காயின் அது மூன்று மில்லிமீற்றரளவாகக் குறுகும். கைநடுக்கமும் பத்து மடங்காகத் தோன்றும்.

கண்ணாடித் தகட்டில் ஒளிப்புள்ளியைத் தெறிக்கச் செய்து, அது தொலைவில் இருப்பதுபோற் காட்டும் முறையை டப்ளின் நகரத்துத் தொலைக்காட்டி வல்லுநர் ஹவார்ட் கிரப் 1900 இல் வகுத்தார். 1975 இல் சுவீடனின் எய்ம்பொயின்ற் நிறுவனம் மின்னொளியால் இயங்கும் செம்புள்ளிக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. இரு கண்களையுந் திறந்துவைத்தே இதனாற் குறிபார்க்கலாம். ஆயின் இது பொருளைப் பெருக்கிக் காட்டுவதில்லை. விழியின் முன்வளைவு எல்லாத் திசைகளிலும் ஒத்திராத குறையுடையோர்க்குப் புள்ளி கோடாகவோ கொத்தாகவோ தோன்றும். சிறு துளையினூடாக நோக்கும்போது புள்ளி உருண்டையானால், குறை கருவியிலன்று, கண்ணிலே என அறியலாம். அத்தகையோர்க்குத் தக்க கண்ணாடி வேண்டும். அன்றேல் தொலைக்காட்டியே நன்று.

போட்டியாளர் விதிகளையுங் கருதல் வேண்டும். ஒலிம்பிக்கின் 10 மீற்றர், 50 மீற்றர் றைபிள் போட்டிகளில் தொலைக்காட்டிக்கு இடமில்லை. ஆங்கு துளைக்குறியே துணை. வேட்டைக்காரருக்கோ, மாலை மங்கலில் முதிய கண்மணி போதிய அளவு விரியாமையால், ஒளிமிக்க தொலைக்காட்டி ஏற்றது. எனினும் தொலைவில் அசைவது யாதென அறியத் தொலைக்காட்டிக் குறியை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அதனாற் பார்க்கும் ஒவ்வொன்றையும் குழலின் வாயும் நோக்குகின்றது. அதற்கெனத் தனியே இருகண் தொலைக்காட்டி வைத்திருத்தல் கடமையாகும்.

சுவீடன் நாட்டு ஒஸ்கார் ஸ்வான் 1908 ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் தம் 60 ஆவது வயதிலே ஓடும் மான் இலக்கைச் சுட்டுத் தங்கப்பதக்கம் பெற்றார். 1920 இல் 72 ஆவது வயதில் வெள்ளிப்பதக்கமும் பெற்றார். முதுமை இக்கலைக்கு முடிவன்று என்பதற்கு அவர் சான்று. ஆயினும் குறி எதுவாயினும் அது வெள்ளெழுத்துக்கு மட்டுமே மாற்று. கண்புரைக்கும் விழித்திரை நோய்க்கும் மாற்றன்று. நிறங்கள் மங்கி, எதிரொளி கூசி, தக்க கண்ணாடி அணிந்தும் இலக்குத் தெளியாவிடின், நாடவேண்டியவர் துவக்கு விற்பவரல்லர், கண் வைத்தியரே. தாம் காண்பது இன்னதென ஐயமறத் தெரியும் வரையிலேயே ஒருவர் விசையில் விரல் வைத்தற்கு உரியவர்.