கழுத்து நோவும் நட்டஈடும்

கண்ணுக்குப் புலனாகுங் காயத்தை மதிப்பிடுதல் எளிது. புலனாகாத நோவை மதிப்பிடுதலோ வைத்தியருக்கும் நீதிபதிக்கும் ஒருங்கே அரிதாகும். மோட்டார் விபத்துக்களில் நேரும் 'விப்லாஷ்' எனுங் கழுத்துக் காயம் இத்தகையது. சாட்டை வீச்சு என்பது அச்சொல்லின் பொருள்.

நிற்கும் வண்டியைப் பின்னால் வரும் வண்டி மோதுங்கால், ஆசனம் உடலை முன்னே தள்ளுகின்றது. தலையோ சடத்துவத்தினால் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கின்றது. இடைப்பட்ட கழுத்து, கணப்பொழுதிற் பின்னோக்கி வளைந்து முன்னோக்கி வீசப்படுகின்றது. தசைகள் இறுகித் தலையைக் காக்குமுன் இது நிகழ்ந்துவிடுவதால், தசைகளும் என்புகளைப் பிணிக்கும் நார்களும் இழுபட்டு நைகின்றன. என்பு முறியாமையால் எக்ஸ்-கதிர்ப் படத்திற் பெரும்பாலும் யாதுந் தோன்றாது. நோவு மறுநாள் தொடங்குவதும் உண்டு. பலர் சில வாரங்களில் அல்லது மாதங்களிற் குணமடைவர். சிலருக்கு அது நெடுங்காலம் நீடிக்கும்.

சான்று புலப்படாதவிடத்து ஐயம் எழுதல் இயல்பு. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், நோவுக்கும் துன்பத்துக்குமான நட்டஈடு 1995ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதன்பின் இக்காயம் பற்றிய கோரிக்கைகள் 28 வீதத்தாற் குறைந்தன என 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. இதனைக்கொண்டு கோரியோர் யாவரையும் பொய்யர் எனல் பொருந்தாது. வழக்கின் இழுபறியே நோவை நீடிக்கச் செய்தலுங் கூடும்.

இச்சிக்கலுக்கு இங்கிலாந்தும் வேல்சும் வேறு வழி கண்டன. 2018ஆம் ஆண்டின் குடியியற் பொறுப்புச் சட்டத்தின்படி, 2021 மே 31 தொடக்கம் நிகழ்ந்த விபத்துக்களுக்கு நட்டஈட்டு அட்டவணையொன்று நடைமுறைக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு மேற்படாத காயத்துக்கு 240 பவுண். பதினெட்டு மாதத்துக்கு மேல் இரண்டு ஆண்டு வரை நீடிப்பதற்கு 4,215 பவுண். 2025 மே 31 முதல் இத்தொகைகள் ஏறத்தாழ 15 வீதம் உயர்த்தப்பட்டன. ஊதிய இழப்பும் வைத்தியச் செலவும் இவற்றுக்குப் புறம்பானவை. வைத்திய அறிக்கை பெறுமுன் பணங்கொடுத்துக் கோரிக்கையை முடித்தலுந் தடுக்கப்பட்டது.

அட்டவணை காலத்தை அளக்குமேயன்றி ஆளை அளக்காது. இரு வாரம் நொந்தவரும் பத்து வாரம் நொந்தவரும் ஒரே தொகையே பெறுவர். கழுத்தோடு முழங்காலும் காயமுற்றால் யாது செய்வது? இவ்வினாவுக்கு ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் விடை பகர்ந்தது: அட்டவணைத் தொகையையும் ஏனைய காயத்துக்குப் பொதுச் சட்டப்படி உரிய தொகையையும் கூட்டி, ஒரே துன்பத்துக்கு இருமுறை ஈடு வழங்கப்படாதவாறு குறைத்தல் வேண்டும், எனினும், ஏனைய காயத்துக்கு மாத்திரம் உரிய தொகையினும் அது குறைதலாகாது.

பொய்க் கோரிக்கையைத் தடுக்கும் விதி மெய்யாக நொந்தவரையுந் தடுத்துவிடலாகாது. ஆதலின் விபத்துற்றோர் காலந்தாழ்த்தாது வைத்தியரைக் கண்டு, நோவு தொடங்கிய நாளையும் அதன் போக்கையும் பதிவுசெய்வித்தல் நன்று. புலனாகாத காயத்துக்கு அப்பதிவே தக்க சான்றாகும்.