உப்பின் மேல் மிதக்கும் நன்னீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணறு வெட்டினால் முதலில் செம்மண், அதன் கீழ் வெள்ளைக்கல், பின்பு தண்ணீர். ஆனால் 1990களில் இடம்பெயர்ந்து வவுனியாப் பக்கம் போய்க் கிணறு வெட்டியவர்கள் கண்டது கருங்கல். இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது, ஊர் திரும்பியவர்களுக்கும் புதிய இடத்தில் காணி பெற்றவர்களுக்கும் பயன் தரும்.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய கடினப் பாறையாலானது. வடக்கிலும், வடமேற்குக் கரையோரமாகப் புத்தளம் வரையிலும் அப்பாறை தாழ்ந்து, அதன்மேல் கடற்படிவுகள் தட்டுத் தட்டாகப் படிந்துள்ளன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலில் சேர்ந்த சிப்பியும் சங்கும் பவளமுமே இறுகிச் சுண்ணக்கல்லாயின. கல்லை உடைத்தால் சிப்பியின் அச்சை இன்றும் காணலாம். இப்படிவுகள் மன்னார்க் கடலுக்கடியில் மிகத் தடிப்பானவை. 1970களில் பேசாலையில் எண்ணெய் தேடித் துளையிட்டதும், 2011இல் மன்னார்க் கடலடியில் எரிவாயு கண்டதும் இதனாலேயே.

ஆயினும் விவசாயிக்கு இப்படிவுகள் தரும் பெருஞ்செல்வம் தண்ணீரே. மழைநீர் சுண்ணக்கல்லை மெல்லக் கரைத்து வெடிப்பும் குகையும் ஆக்குகிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில், மாரி மழை இந்த வெடிப்புகளில்தான் தேங்குகிறது. சுற்றிவரக் கடல் இருப்பதால் கல்லின் அடிப்பகுதியில் உவர்நீர் நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது. ஆகவே உவர்நீரின் மேல் மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குச் சான்று.

இங்கே ஒரு கணக்கை மனதில் வைக்க வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும். நீர்மட்டம் 1 அடி இறங்கி அப்படியே நின்றுவிட்டால், உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலேறக்கூடும். துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு ஊற அவகாசம் இருந்தது. இயந்திரம் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை.

எனவே:

1. சுண்ணக்கல் நிலத்தில் தண்ணீர் குறைகிறதென்று கிணற்றை மேலும் ஆழமாக்காதீர்கள். சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு இறையுங்கள்.

2. மழைநீர் இறங்கும் அதே வெடிப்பு வழியே உரமும் மலக்குழிக் கழிவும் இறங்கும். உரத்தை அளவோடு இடுங்கள். மலக்குழியைக் கிணற்றிலிருந்து இயன்றவரை தூரத்தில் அமையுங்கள்.

3. கருங்கல் நிலத்தில் தண்ணீர் இருப்பது மேலேயுள்ள உக்கிய கல்லிலும் வெடிப்புகளிலுமே. அங்கு குளத்துக்குக் கீழ்ப்புறமாகக் கிணறு வெட்டுவது நல்லது. குளம் நிறைந்தால் கிணறும் ஊறும்.

4. குடாநாட்டில் பழைய குளம், கேணிகளைத் தூர்வாரி மழைநீரைத் தேக்குங்கள். அது நிலத்துள் இறங்கி உவரைக் கீழே அமர்த்தும்.

ஒரு கிணறு உவரானால் அயற்கிணறுகளும் தப்புவது கடினம். ஆகவே இறைப்பு முறையை அயலவர் கூடிப் பேசித் தீர்மானிப்பதே நன்று.