முள் குத்தினாலும் ரண ஜன்னி வரும்

மண்வெட்டி பட்டுக் காலில் இரத்தம் கொட்டினால் விவசாயி உடனே மருத்துவரிடம் செல்கிறார். கருவேல முள் குத்தினாலோ, பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்கிறார். ஆனால் ரண ஜன்னியைப் பொறுத்தவரை, ஆழமாகக் குத்திய முள்ளையும் துருப்பிடித்த ஆணியையும் அலட்சியம் செய்யக்கூடாது.

இந்நோயை உண்டாக்குவது கிளாஸ்டிரிடியம் டெட்டனி என்னும் பாக்டீரியா. இது கால்நடைகளின் குடலிலும் சாணத்திலும், எரு இட்ட நிலத்திலும் காணப்படும். கெட்டியான உறையுள்ள வித்தாக மாறி மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். கொதிநீரிலும் இவ்வித்து எளிதில் சாவதில்லை. ஆகவே நிலத்திலிருந்து இதை ஒழிக்க இயலாது.

நஞ்சு வேலை செய்யும் விதம்

இப்பாக்டீரியா காற்றுள்ள இடத்தில் வளராது. முள் குத்திய துளை மேலே மூடிக்கொள்வதால் உள்ளே காற்றுப் புகுவதில்லை. அங்கே வித்து முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கிறது. கிருமி காயத்திலேயே தங்கிவிடும். நஞ்சு மட்டும் நரம்புகளின் வழியே தண்டுவடத்தை அடையும். ஒரு மனிதனைக் கொல்ல ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

கையை மடக்கும்போது ஒரு பக்கத் தசை சுருங்க, எதிர்ப்பக்கத் தசை தளர வேண்டும். தசையைத் தளர்த்தும் நரம்புக் கட்டளையை இந்நஞ்சு தடுத்துவிடுகிறது. அதனால் தசைகள் ஒருசேர இறுகுகின்றன. பெரும்பாலும் காயம்பட்ட 3 முதல் 21 நாட்களுக்குள் தாடை இறுகி, வாயைத் திறக்க முடியாமல் போகும். பிறகு கழுத்து விறைக்கும். உடல் வில்போல் வளையும். சிறு ஓசைகூட இசிவை உண்டாக்கும். நோயாளிக்கு நினைவு தப்புவதில்லை. மூச்சுவிட உதவும் தசைகள் இறுகினால் மரணம் நேரிடும்.

முன்கூட்டியே தடுப்பூசி

இந்நஞ்சுக்கு எதிர்மருந்து உண்டு என்பதை 1890-ல் பெரிங், கிடசாடோ ஆகிய அறிஞர்கள் காட்டினர். எனினும் நரம்பில் பற்றிவிட்ட நஞ்சை எம்மருந்தாலும் அகற்ற முடியாது. எனவே தடுப்பூசியே சிறந்த வழி. வீரியம் போக்கப்பட்ட நஞ்சே இந்த ஊசி மருந்து. சிறுவயதில் போட்டது ஆயுள் முழுதும் காக்காது. 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் போட வேண்டும். ஒருமுறை நோய் வந்து பிழைத்தவருக்கும் ஊசி அவசியம். நோயை உண்டாக்கும் நஞ்சு மிகச் சிறிதாதலால் உடலில் எதிர்ப்புச் சக்தி தோன்றுவதில்லை.

காயம்பட்டால் செய்ய வேண்டியவை

1. முள்ளை அகற்றி, ஓடும் நீரில் சோப்பிட்டு நன்கு கழுவ வேண்டும்.

2. சாணம், மண், சுண்ணாம்பு, சாம்பல், காப்பித்தூள் எதையும் அப்பக்கூடாது.

3. அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் சென்று, கடைசியாக ஊசி போட்ட ஆண்டைச் சொல்ல வேண்டும். ஆழமான அல்லது மண், சாணம் பட்ட காயமானால், 5 ஆண்டுகள் கடந்திருந்தாலே மீண்டும் ஊசி தேவை. முன்பு ஊசி போடாதவருக்கு எதிர்நச்சு ஊசியும் தேவைப்படும்.

பச்சிளங்குழந்தையின் தொப்புள்கொடி வழியாகவும் இந்நோய் புகும். கர்ப்பிணிக்கு ஊசி போடுவதாலும், சுத்தமான பிரசவத்தாலும் இதைத் தடுக்கலாம். இவ்வகையில் தாய்–சேய் ரண ஜன்னியை ஒழித்த நாடாக இந்தியா 2015-ல் அறிவிக்கப்பட்டது. அந்தப் பாதுகாப்பு கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் மட்டுமே உரியதன்று. சேற்றிலும் தொழுவத்திலும் அன்றாடம் உழைக்கும் பெரியவர்களுக்கும் அது வேண்டும். நடவுக்கு முன் ஏர், மண்வெட்டிகளைச் சரிபார்க்கும் குடும்பங்கள், கடைசி ஊசி எந்த ஆண்டு என்பதையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.