செய்வித்ததும் செய்ய வைத்ததும்: இரட்டை வினைகள் இயங்கும் விதம்

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகில் இருக்கிறது கீழக்குயில்குடி. அங்கே ஐயனார் கோயிலையும் தாமரைக்குளத்தையும் ஒட்டி எழும் சமணர் மலையில் படியேறினால் பேச்சிப்பள்ளம் வரும். பாறைமுகத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் அடியில் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வட்டெழுத்து வரிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, சமணத் துறவி அச்சணந்தியின் தாயார் குணமதியார் 'செய்வித்த' திருமேனி என்று ஓர் உருவத்தைக் குறிப்பிடுகிறது. செதுக்கியது சிற்பி, அதற்கு வழிசெய்தவர் குணமதியார். இந்த வேறுபாட்டைச் சொல்ல அந்தக் கல்வெட்டுக்குத் தனி வாக்கியம் எதுவும் தேவைப்படவில்லை. 'செய்' என்ற வினைக்குப் பின்னால் வந்த 'வி' என்ற ஒற்றை எழுத்தே போதுமானதாக இருந்தது. இன்று அதே ஊரில் ஒருவர் இதே செய்தியைச் சொன்னால் 'செய்ய வைத்தார்' என்றோ 'செய்யச் சொன்னார்' என்றோதான் பெரும்பாலும் சொல்வார். ஓர் எழுத்து பார்த்த வேலையை இன்று இன்னொரு முழு வினை ஏற்றிருக்கிறது. தமிழ் வினைச்சொல்லின் மிக நுட்பமான பொறியமைப்பு ஒன்று இந்த மாற்றத்துக்குள் இருக்கிறது. ஆங்கிலம் படிக்கும் தமிழ் மாணவரைத் திணறடிக்கும் 'டேக் ஆஃப்', 'கிவ் அப்' போன்ற இரட்டை வினைகளைப் புரிந்துகொள்ளவும் இந்தப் பொறியமைப்பே நல்ல வழி என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

'வி', 'பி' ஆகிய இரண்டையும் பிறவினை விகுதிகளாக நன்னூல் பதிவு செய்திருக்கிறது. அதை எழுதிய பவணந்தி முனிவரும் சமணரே. அறிவி, தெரிவி, கற்பி என்று இன்றும் சில வினைகளில் இந்த விகுதிகள் உயிரோடு இருக்கின்றன. ஆனால் புதிய வினைகளோடு அவை ஒட்டுவது அநேகமாக நின்றுவிட்டது. 'வருவித்தார்' என்றால் புத்தக நடையாக ஒலிக்கிறது. 'வரவைத்தார்' என்பதே புழக்கம். 'வை' என்றால் ஒரு பொருளை ஓரிடத்தில் இருத்துவது. 'அழ வைத்தான்' என்னும்போது யாரும் எதையும் எங்கும் இருத்துவதில்லை. தன் சொந்தப் பொருளை இறக்கிவிட்டு, முன்னால் நிற்கும் வினைக்கு ஊழியம் செய்கிறது 'வை'. இப்படி ஊழியத்துக்கு வரும் வினைதான் துணைவினை. தமிழில் இவை ஏறத்தாழ 40 இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வேறிடத்தில் முதல்வினையாகவும் வாழ்பவை: விடு, கொள், பார், போடு, இரு, வா, கொடு, காட்டு, தள்ளு, தொலை. அன்றாடம் கையாளும் மிக எளிய வினைகளையே மொழி இந்த வேலைக்குத் தேர்ந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பொறிக்கு இரண்டு நிலைகள் உண்டு. முதல்வினை 'செய்து' என்ற வாய்பாட்டில் வந்தால் ஒரு பொருள். 'செய' என்ற வாய்பாட்டில் வந்தால் வேறொரு பொருள். 'படித்து வை' என்றால் பின்னால் உதவும், இப்போதே படித்துக்கொள் என்று பொருள். 'படிக்க வை' என்றால் இன்னொருவரைப் படிக்கச் செய். 'ஓடிவிட்டான்' என்றால் ஓட்டம் முடிந்தது, ஆள் போய்விட்டான். 'ஓட விட்டான்' என்றால் ஓடுவது வேறு ஆள், இவன் அனுமதித்தவன் அல்லது துரத்தியவன். 'கேட்டுப் பார்' என்பது முயன்று பார்க்கச் சொல்கிறது. 'விழப் பார்த்தான்' என்பது நடக்கவிருந்து நடக்காமல் போனதைச் சொல்கிறது. இரண்டாவது வினை மாறவில்லை, முதல்வினையின் ஈறு மட்டும் மாறியது, பொருள் தலைகீழானது. வரிசையும் இப்படித்தான். 'செய்து பார்த்துவிடு' என்பதில் 'பார்' முயற்சியைக் குறிக்கிறது, 'விடு' அந்த முயற்சியை முடித்துவைக்கிறது. இடம் மாற்றி 'செய்துவிட்டுப் பார்' என்றால் 'பார்' தன் பழைய பொருளுக்குத் திரும்பிவிடுகிறது: முதலில் செய், பிறகு கண்ணால் பார். எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் இந்த விதியை யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் பள்ளிக்குப் போகும் முன்பே குழந்தைகள் இதைத் தவறில்லாமல் கையாள்கிறார்கள்.

ஒரு துணைவினையை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். 'விடு' என்றால் பிடியைத் தளர்த்துவது. பிடி தளர்ந்தால் பொருள் கைவிட்டுப் போகும். அதைத் திரும்பப் பெற முடியாது. இந்த மீட்க முடியாமைதான் துணைவினையான 'விடு'வின் மையம். 'பஸ் வந்துவிட்டது' என்பதில் காத்திருந்தவரின் நிம்மதி. 'பஸ் போய்விட்டது' என்பதில் தவறவிட்டவரின் ஏமாற்றம். 'நாளைக்குள் முடித்துவிடுகிறேன்' என்பதில் உறுதிமொழி. நிம்மதி, ஏமாற்றம், உறுதி என்ற இந்த மூன்றையும் அகராதியில் மூன்று பொருளாகப் பிரித்து எழுதலாம். ஆனால் மூன்றுக்கும் அடியில் இருப்பது 'இனி மாற்றமில்லை' என்ற ஒரே கருத்துதான். நிம்மதியும் ஏமாற்றமும் சூழலிலிருந்து வந்து சேர்கின்றன. 'விட்டுவிடு' என்ற சொல் இதற்கு நேரடிச் சான்று. முதல் 'விடு' பிடியைத் தளர்த்துகிறது. இரண்டாவது அந்தத் தளர்த்தலை முடிவாக்குகிறது. ஒரே வினை இரு வேறு வேலைகளில் அடுத்தடுத்து நிற்க முடிகிறது என்றால், அவை மொழியின் கணக்கில் இரண்டு வெவ்வேறு உறுப்புகளாகிவிட்டன என்று பொருள். ஒலியும் இதையே காட்டுகிறது. முதல்வினையான 'விட்டான்' பேச்சில் குறைவதில்லை. துணைவினையோ 'வந்துட்டான்' என்று தேய்ந்து ஒட்டிக்கொள்கிறது. 'வந்துகொண்டிருக்கிறேன்' மதுரைப் பேச்சில் 'வந்துக்கிட்டிருக்கேன்' ஆகிறது. யாழ்ப்பாணத்தில் 'வந்துகொண்டிருக்கிறன்' என்று முழுமைக்கு அருகிலேயே நிற்கிறது. தனிச்சொல் தேய்ந்து இலக்கண உறுப்பாவதற்கு இலக்கணமயமாதல் என்று பெயர். அந்தக் கலைச்சொல்லை 1912இல் பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே உருவாக்கினார்.

துணைவினை என்ன தருகிறது? நிகழ்வைப் பற்றிய பேசுபவரின் நிலைப்பாட்டைத் தருகிறது. 'கண்ணாடி உடைந்தது' என்பது வெறும் செய்தி. 'உடைந்துவிட்டது' என்றால் இனி ஒட்டாது. 'உடைந்துபோயிற்று' என்பதில் இழப்பு இருக்கிறது. 'உடைத்துப் போட்டான்' என்பதில் அவனுடைய அலட்சியமும், 'உடைத்துத் தொலைத்தான்' என்பதில் நம்முடைய எரிச்சலும் இருக்கின்றன. 'எழுதித் தள்ளினார்', 'எழுதிக் கொடுத்தார்', 'எழுதிக் காட்டினார்', 'எழுதிக்கொண்டார்' ஆகிய நான்கிலும் எழுத்து ஒன்றே. யாருக்காக, எந்த வேகத்தில், எந்த நோக்கத்தில் என்பது மட்டும் மாறுகிறது. இந்த வினை விரிவாக்கத்தை மொழியியலாளர் இ. அண்ணாமலை 1985இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, துணைவினைப் பொருள்களை முதல்வினைப் பொருள்களிலிருந்து பிரித்துத் தனியாகவே விளக்குகிறது.

இப்போது ஆங்கிலத்துக்கு வருவோம். 'டேக்' என்றால் எடு. 'ஆஃப்' என்றால் விலகி. இரண்டும் சேர்ந்தால் விமானம் தரையை விட்டுக் கிளம்பும், சட்டையைக் கழற்றலாம், விலையில் பத்து ரூபாய் குறைக்கலாம், வேலைக்கு ஒரு நாள் விடுப்பு எடுக்கலாம், கூட்டத்திலிருந்து சட்டென்று நழுவலாம், புதிய தொழில் சூடுபிடிக்கலாம். மாணவருக்கு இது ஆறு தனித்தனிப் பொருள்களின் பட்டியலாகத் தரப்படுகிறது. மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை. ஆனால் ஆறிலும் 'ஆஃப்' ஒரே வேலையைத்தான் செய்கிறது: ஒட்டியிருந்த ஒன்றை விலக்குகிறது. தரையிலிருந்து விமானம், உடம்பிலிருந்து துணி, விலையிலிருந்து தொகை, வேலை நாள்களிலிருந்து ஒரு நாள், கூட்டத்திலிருந்து ஆள், தேக்கத்திலிருந்து தொழில். 'அப்' என்பதும் அப்படியே. மேலே என்ற பொருளில் தொடங்கி, பாத்திரத்தின் விளிம்புவரை நிறைவது போல, முழுமையாக முடிப்பதைக் குறிக்க வந்தது. 'ஈட்' என்றால் சாப்பிடு. 'ஈட் அப்' என்றால் மீதம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. ஆங்கிலம் 'அப்' கொண்டு செய்வதைத் தமிழ் இங்கே 'விடு' கொண்டு செய்கிறது.

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் ஆங்கில அகராதியின் முன்னுரையில் இந்த இரட்டை வினைகளைப் பற்றி எழுதும்போது, வெளிநாட்டவர் மிகவும் இடறுவது இங்கேதான் என்றார். அவர் தந்த எடுத்துக்காட்டுகளில் 'டேக் ஆஃப்' ஒன்று. இந்த வகைச் சேர்க்கை ஆங்கிலத்தில் இருக்கும் அளவுக்கு வேறு எந்த மொழியிலும் இருக்காது என்றும் அவர் கருதினார். தமிழை அறிந்திருந்தால் அப்படிக் கருதியிருக்க மாட்டார். இந்தியில் 'கர் லேனா' என்றால் சொல்லுக்குச் சொல் 'செய்து எடு', பொருள் செய்துகொள். ஜப்பானிய மொழியில் 'தபேதே மிரு' என்பது சொல்லமைப்பிலும் பொருளிலும் நம் 'சாப்பிட்டுப் பார்'தான். 'தபேதே ஷிமாவு' என்பது முடிவையும் சில நேரம் வருத்தத்தையும் குறிப்பதில் நம் 'சாப்பிட்டுவிட்டான்' போன்றது. எங்கெங்கோ இருக்கும் மொழிகள் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. ஆங்கிலத்தின் வரலாறும் பேச்சிப்பள்ளத்திலிருந்து இன்றைய மதுரைப் பேச்சு வரை நாம் கண்ட மாற்றத்துக்கு இணையானது. பழைய ஆங்கிலம் வினைக்கு முன்னொட்டுகளைச் சேர்த்துப் பொருளை மாற்றியது. அந்த முன்னொட்டுகள் வலுவிழந்தபோது, வினைக்குப் பின்னால் வரும் தனிச்சொற்கள் அந்த வேலையை ஏற்றன. 'கிவ் அப்' என்ற சேர்க்கை 12ஆம் நூற்றாண்டின் பீட்டர்பரோ நாளாகமத்திலேயே காணப்படுகிறது. ஒட்டு தேயும்போது சொல் வந்து அந்த இடத்தை நிரப்புவது இரு மொழிகளுக்கும் பொது.

இதற்கு ஒரு மறுப்பு எழும். தமிழில் இரண்டாவது உறுப்பு ஒரு வினை; ஆங்கிலத்தில் அது 'மேல்', 'விலகி' என்று இடத்தைக் குறிக்கும் சிறு சொல். இரண்டையும் ஒன்றாக வைப்பது சரியா? வேறுபாடு உண்மைதான். ஆனால் ஆங்கில வகைக்கு நேரான அமைப்பும் தமிழில் இருக்கிறது. முன்வை, மேற்கொள், வெளியிடு, எதிர்கொள், உள்வாங்கு, கைவிடு என்பவற்றில் முன், மேல், வெளி, எதிர், உள் என்ற இடச்சொற்களோ ஒரு பெயரோ எளிய வினையோடு சேர்ந்து புதுப்பொருள் தருகின்றன. 'புட் ஃபார்வர்ட்' என்பதும் 'முன்வை' என்பதும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆங்கிலத்துக்கு இருப்பது ஒரு வழி என்றால், தமிழுக்கு இரண்டு வழிகளும் உண்டு. 'புட் ஆஃப்' என்பதற்கு நம் 'தள்ளிப்போடு', 'லுக் ஆஃப்டர்' என்பதற்கு நம் 'பார்த்துக்கொள்', 'கிவ் அப்' என்பதற்கு நம் 'விட்டுவிடு'. இவற்றை அருகருகே வைத்துக் காட்டினால் மாணவருக்கு அந்நியமாகத் தோன்றுவது மிகக் குறைவு.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. உறுப்புகளைக் கூட்டினால் பொருள் வந்துவிடும் என்றால், 'கொடு' என்பதும் 'மேலே' என்பதும் சேர்ந்து எப்படிக் 'கைவிடு' ஆகின்றன? முறை தெரிந்தால் பொருளை ஊகித்துவிடலாம் என்பது பொய் வாக்குறுதி அல்லவா? முறை எல்லாவற்றையும் தராது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 'கைவிடு' என்பதைக் கையையும் விடுதலையும் மட்டும் அறிந்த ஒருவர், துன்பத்தில் துணை நிற்காமல் போவது என்று முதல்முறையே ஊகித்துவிட மாட்டார். ஆனால் பொருளைக் கேட்டறிந்த பிறகு, பிடித்திருந்த கையை விடுவது என்ற காரணம் உடனே விளங்கும், விளங்கியது மறக்காது. 'கிவ் அப்' என்பதிலும் கையில் இருப்பதை எதிராளியிடம் முழுவதுமாக ஒப்படைப்பது என்ற அடித்தளம் இருக்கிறது. முறை ஊகிக்கவும் ஓரளவு உதவும். நினைவில் நிறுத்தவும் வகைப்படுத்தவும் மிகுதியாக உதவும். அதற்குமேல் வாசிப்புதான் வழி. காரணமே இல்லாத பட்டியலை விடக் காரணம் தெரிந்த பட்டியல் கற்பதற்கு எளிது என்பதை யாரும் மறுக்க முடியாது.

மூன்றாவது மறுப்பு நடையைக் காப்பவர்களிடமிருந்து வருகிறது. 'செய்வித்தார்' என்ற செறிவான சொல் இருக்க, 'செய்ய வைத்தார்' என்று நீட்டுவது மொழியின் தளர்ச்சி என்பது அவர்கள் எண்ணம். இரட்டை வினைகளைப் பேச்சுக்கு உரியவை என்று ஒதுக்கும் பழக்கம் ஆங்கிலத்திலும் உண்டு. ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தால் இழப்பை விட வரவே அதிகம். 'செய்ய வைத்தார்', 'செய்யச் சொன்னார்', 'செய்ய விட்டார்' என்று வற்புறுத்தல், ஏவல், அனுமதி மூன்றையும் இன்றைய தமிழ் தனித்தனியே சொல்கிறது. 'வி' என்ற விகுதி இவற்றைப் பிரித்துக் காட்டியதில்லை. இரட்டை வினைகள் பேச்சுக்கு மட்டும் உரியவை என்பதும் சரியல்ல. நீதிமன்றம் வழக்கை 'ஒத்திவைக்கிறது'. சட்டமன்றத்தில் மசோதா 'முன்வைக்கப்படுகிறது'. அரசு ஆணை 'வெளியிடப்படுகிறது'. மிக முறைசார்ந்த தமிழும் இந்தச் சேர்க்கைகளின் மேல்தான் நிற்கிறது. 'செய்வித்த' என்ற சொல்லுக்குக் கல்வெட்டில் உள்ள மதிப்பு குறையப் போவதில்லை. அதற்காக இன்றைய சொல்லைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒன்பதாம் வகுப்புத் தமிழுக்குத் துணைவினைகள் பற்றித் தனி இலக்கணப் பாடமே இருக்கிறது. அடுத்த மணியில், அதே அறையில், ஆங்கில ஆசிரியர் இரட்டை வினைகளைப் பட்டியலாக எழுதிப் போடுகிறார். இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று அறியாமலே முடிகின்றன. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரு வகுப்பையாவது சேர்ந்து நடத்த வேண்டும். 'சாப்பிட்டுவிடு' என்பதையும் 'ஈட் அப்' என்பதையும் ஒரே பலகையில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் புதிதாக ஓர் இரட்டை வினையைச் சந்திக்கும் மாணவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதே வேலையைத் தமிழில் எந்த வினை செய்கிறது என்பதுதான். பெரும்பாலும் விடை அவர் வாயிலேயே இருக்கும்.