முடுக்குவதா, நிலைநிறுத்துவதா? புரதத் தொகுப்பின் தொடக்கக் காரணி 2பி-யும் அதன் செயலூக்கிகளும்

ஆய்வுச் சுருக்கம்

உயிரணுவில் புரதத் தொகுப்பு தொடங்குவதற்கு இன்றியமையாத நொதிகளுள் ஒன்று மொழிபெயர்ப்புத் தொடக்கக் காரணி 2பி. இதன் செயலூக்கியாக அறியப்படும் இஸ்ரிப் என்னும் சிறு மூலக்கூறு, நொதியின் வினைமையத்தை விரைவுபடுத்துவதில்லை. நொதியின் செயல்படும் வடிவத்தை நிலைநிறுத்துகிறது. இவ்வேறுபாடே அதன் பயனையும் எல்லையையும் வரையறுக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புரதத் தொகுப்பு, தொடக்கக் காரணி 2பி, செயலூக்கி, இஸ்ரிப், வெண்பொருள் மறைவு நோய்.

முன்னுரை

நொதியைத் தடுக்கும் மருந்துகள் பல உள்ளன. நொதியின் செயலைக் கூட்டும் மருந்துகளோ மிகச் சிலவே. ஒரு பொறியைப் பழுதாக்கப் பல வழிகள் உண்டு. அதன் திறனை மேம்படுத்தும் வழிகள் அரியவை. நொதிக்கும் இது பொருந்தும். வினைமையத்தை அடைத்துவிட்டால் நொதி நின்றுவிடும். அதனை மேலும் நன்கு இயங்கச் செய்வதற்கு அதன் கட்டமைப்பை நுட்பமாக அறிந்திருத்தல் வேண்டும். அவ்வகையில் காரணி 2பி-யின் செயலூக்கிகள் தனிக் கவனத்திற்குரியவை.

காரணி 2பி-யின் பணி

தூது ஆர்.என்.ஏ.வில் உள்ள செய்தியைப் புரதமாக்கும் பணியை ரைபோசோம் மேற்கொள்கிறது. அதற்கு முதல் அமினோ அமிலமான மெத்தியோனினைச் சுமந்த கடத்து ஆர்.என்.ஏ.வைக் கொண்டுவந்து சேர்ப்பது தொடக்கக் காரணி 2 ஆகும். குவானோசின் முப்பாஸ்பேட்டுடன் இணைந்திருக்கும்போது மட்டுமே இக்காரணியால் அப்பணியைச் செய்ய இயலும். பணி முடிந்ததும் முப்பாஸ்பேட்டு இருபாஸ்பேட்டாகச் சிதைகிறது. காரணி 2 செயலற்ற நிலையை அடைகிறது. இருபாஸ்பேட்டை விடுவித்து, மீண்டும் முப்பாஸ்பேட்டு அமர வழிசெய்யும் பரிமாற்ற நொதியே காரணி 2பி.

உயிரணு நெருக்கடிக்கு உள்ளாகும்போது இவ்விடத்தில்தான் கடிவாளம் இடப்படுகிறது. அமினோ அமிலப் பற்றாக்குறை, நச்சுயிரித் தொற்று, ஹீம் குறைவு, தவறாக மடிந்த புரதங்களின் தேக்கம் ஆகிய நெருக்கடிகளை நான்கு கைனேசு நொதிகள் உணர்கின்றன. அவை காரணி 2-இன் ஆல்பா துணையலகிலுள்ள 51ஆம் செரினில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. பாஸ்பேட்டு ஏறிய காரணி 2, காரணி 2பி-யைத் தடுக்கும் பொருளாக மாறிவிடுகிறது. உயிரணுவில் காரணி 2பி-யின் அளவு காரணி 2-ஐ விடக் குறைவு. எனவே காரணி 2-இல் ஒரு சிறு பங்கு பாஸ்பேட்டேற்றம் பெற்றாலே புரதத் தொகுப்பு பெரிதும் குறைந்துவிடுகிறது. அதே வேளையில் ஏ.டி.எஃப்.4 போன்ற சில மீட்புப் புரதங்கள் மட்டும் மிகுதியாக உருவாகின்றன. இதனை ஒருங்கிணைந்த நெருக்கடி மறுவினை என்பர்.

இஸ்ரிப்பின் கண்டுபிடிப்பும் செயல்முறையும்

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் வால்ட்டரின் ஆய்வுக்குழு 2013ஆம் ஆண்டு இஸ்ரிப் மூலக்கூறை அறிவித்தது. பாஸ்பேட்டேற்றத்தைத் தடுக்காமலேயே அதன் விளைவை மட்டும் இது நீக்கியது. எலிகளின் நினைவாற்றலையும் மேம்படுத்தியது. எனினும் இது எதன்மீது செயல்படுகிறது என்பது அப்போது புலப்படவில்லை. 2015ஆம் ஆண்டு வால்ட்டர் குழுவும், கேம்பிரிட்ஜில் டேவிட் ரோன் குழுவும் தனித்தனியே இலக்கைக் கண்டறிந்தன. காரணி 2பி-யின் டெல்டா துணையலகில் நிகழும் மாற்றங்கள் இஸ்ரிப்பின் விளைவைக் குலைத்தமை இதற்குச் சான்றாயிற்று.

செயல்முறையை விளங்கிக்கொள்ள நொதியின் கட்டமைப்பை நோக்க வேண்டும். காரணி 2பி-யில் ஆல்பா முதல் எப்சிலான் வரை ஐந்து வகைத் துணையலகுகள் இரண்டிரண்டாக, மொத்தம் பத்து உள்ளன. நான்கு துணையலகுகள் கொண்ட இரு பாதிகளை ஆல்பா இணை ஒன்று பிணைக்கிறது. வினைமையம் எப்சிலானில் உள்ளது. 2018ஆம் ஆண்டு கடுங்குளிர் மின்னணு நுண்ணோக்கி வழியே கட்டமைப்பு வெளியானபோது, இஸ்ரிப் வினைமையத்திலிருந்து விலகி, இரு பாதிகளும் சந்திக்கும் இடத்தில் அமர்ந்திருந்தது. இரு புறமும் ஒத்த அமைப்புடைய இம்மூலக்கூறு, ஒத்த இரு பாதிகளையும் ஆணிபோல் இணைத்து நிற்கிறது.

பாஸ்பேட்டு ஏறிய காரணி 2 வேறோர் இடத்தில் பொருந்தி, இரு பாதிகளையும் சற்றே விலகச் செய்து நொதியைச் செயல்குன்றிய வடிவத்திற்குத் தள்ளுகிறது என்பது 2021ஆம் ஆண்டு ஆய்வுகளால் தெளிவாயிற்று. இஸ்ரிப் செயல்படும் வடிவத்தைப் பற்றிக்கொள்கிறது. ஆக, தடுப்பானும் செயலூக்கியும் ஒரே இடத்திற்காகப் போட்டியிடுவதில்லை. ஒரே நொதியின் இரு வடிவங்களுக்காகப் போட்டியிடுகின்றன.

பயனும் எல்லையும்

இச்செயல்முறையிலிருந்து மூன்று விளைவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, நெருக்கடியற்ற உயிரணுவில் நொதி முழுமையாகக் கட்டமைந்து செயல்படும் வடிவிலேயே இருப்பதால், இஸ்ரிப் அங்குப் பெரிய மாற்றத்தை ஏற்படுத்துவதில்லை. இரண்டாவது, பாஸ்பேட்டேற்றம் ஓர் எல்லையைக் கடந்தால் தடுப்பான் வென்றுவிடுகிறது, இஸ்ரிப் பயனற்றுப்போகிறது. இடைப்பட்ட அளவில் மட்டுமே அது செயல்படும் என்பது 2019இல் காட்டப்பட்டது. எனவே கடும் நெருக்கடியில் உயிரணுவைக் காக்கும் மறுவினை குலையாமல், நீடித்த மிதமான மறுவினை மட்டும் தளர்கிறது. மூன்றாவது, நொதியின் கட்டமைப்பே நலிந்திருக்கும் நோய்களில் இவ்வணுகுமுறை பொருத்தமுடையதாகிறது.

மூன்றாவதற்குத் தக்க சான்று வெண்பொருள் மறைவு நோய். பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும் இம்மரபுநோயில் மூளையின் வெண்பொருள் படிப்படியாக அழிகிறது. காய்ச்சலோ தலையில் சிறு அடியோ கூட நிலைமையைத் திடீரென மோசமாக்கும். காரணி 2பி-யின் ஐந்து துணையலகு மரபணுக்களில் எதில் பிறழ்வு நேர்ந்தாலும் இந்நோய் தோன்றலாம். பிறழ்வுடைய எலிகளுக்கு 2பி-ஆக்ட் என்னும் செயலூக்கியைத் தொடர்ந்து அளித்தபோது நோய்க்கூறுகள் உருவாகாமல் தடுக்கப்பட்டதாக 2019இல் அறிவிக்கப்பட்டது.

இயக்க நரம்பணு நோயான ஏ.எல்.எஸ்.ஸில் நிகழ்ந்தது வேறு. காரணி 2பி-யின் இரு செயலூக்கிகள் மனிதரிடம் சோதிக்கப்பட்டு, முதன்மை இலக்கை எட்டவில்லை என 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஒரு நோயில் நெருக்கடி மறுவினை காணப்படுவது வேறு. அம்மறுவினையே நோயை முன்னெடுத்துச் செல்வது வேறு. முன்னதைக் கொண்டு பின்னதை முடிவுசெய்தல் இயலாது.

முடிவுரை

நொதியின் செயலைக் கூட்டும் பொருளைத் தமிழில் ‘முடுக்கி’ என்று குறித்தால், அது வினையை விரைவுபடுத்துகிறது என்ற பொருள் தோன்றும். அப்பொருளில் கற்கும் மாணவர், மருந்தின் அளவைக் கூட்டினால் புரதமும் அதற்கேற்பக் கூடும் என்று கருத இடமுண்டு. இஸ்ரிப்பின் செயல் அதுவன்று. தளர்ந்த நொதியை அதன் இயல்பான செயல்நிலைக்கு மீட்டு அங்கேயே நிறுத்துவதுதான் அதன் பணி; இயல்புக்கு மேல் அது கொண்டுசெல்வதில்லை. ஆதலின் பொதுச்சொல்லாகச் ‘செயலூக்கி’ என்பதையும், இவ்வகைக்குரிய சிறப்புச்சொல்லாக ‘நிலைநிறுத்தி’ என்பதையும் ஆளுதல் தகும். எந்நோய்க்கு இம்மருந்து பொருந்தும், எந்நோய்க்குப் பொருந்தாது என்று ஆராய்வோர்க்கும் இவ்வேறுபாடே முதற்படியாகும்.