பிறந்த தேதியா? பிரேக்கா?



மோட்டார் வாகன ஆய்வாளர் என்று அரசுப் பதிவேட்டில் ஓர் உத்தியோகம் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி லாரி நிறுத்தத்தில் விசாரித்தால், பாதிப் பேர் விழிப்பார்கள். "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்று கேட்டுப் பாருங்கள், உடனே வழி காட்டுவார்கள்! அவர் எதைப் பார்க்க வேண்டுமோ அதையே மக்கள் அவருக்குப் பெயராக்கிவிட்டார்கள். வண்டிக்கு ஜாதகம் பார்க்கும் இன்ஸ்பெக்டர் என்று எவரும் அவருக்குப் பெயர் சூட்டவில்லை.

ஆனால் இன்று ஜாதகந்தான் பெரிதாகிக்கொண்டிருக்கிறது! பிரேக் பிடிக்கிறதா, ஸ்டியரிங் ஆடுகிறதா, புகை கக்குகிறதா என்ற கேள்விகள் பின்னுக்குப் போக, "எந்த ஆண்டு பிறந்தாய்?" என்ற கேள்வி முன்னுக்கு வந்து நிற்கிறது.

சென்ற வாரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோழரைச் சந்தித்தேன். குட்டியானை ஓட்டுகிறார். டாட்டா ஏஸ் என்ற அந்தச் சிறு சுமைவண்டி 2005-இல் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டே கடன்பட்டு வாங்கியவர் இவர். "அண்ணே, என் மகளுக்குப் பதினெட்டு வயது. வண்டிக்கு அவளைவிட மூப்பு. அவள் படித்தது இந்த வண்டியில்தான்" என்றார். வண்டியில் ஏறிப் பள்ளிக்குப் போனாள் என்று பொருளல்ல. வண்டி சுமந்த வெங்காய மூட்டையும் தக்காளிப் பெட்டியும் அவளுக்குப் பள்ளிச் சம்பளமாயின என்று பொருள்.

எட்டு ஆண்டு தாண்டிய வாடகை வண்டி ஒவ்வோர் ஆண்டும் எஃப்.சி.க்குப் போகவேண்டும். அதை அவர் குறை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கூடாது! பள்ளிப் பிள்ளைகள் நடக்கிற சாலையில் ஓடுகிற வண்டி அது. சோதனையே வேண்டாம் என்று எவனாவது தொழிலாளியின் பெயரால் பேசினால், அவன் தொழிலாளிக்கு நண்பனல்ல. பிரேக் இல்லாத வண்டியில் முதலில் சாகிறவன் அதை ஓட்டுகிறவனே!

கேள்வி வேறு. சோதனை வண்டிக்கா, வயதுக்கா?

சொந்தக் காரை எடுத்துக்கொள்வோம். பதினைந்து ஆண்டு முடிந்தபின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய் இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது 5,000 ரூபாய். மோட்டார் சைக்கிளுக்கு 300 இருந்தது, 1,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் இன்னொரு படி ஏறினார்கள்: இருபது ஆண்டு கடந்த காருக்கு 10,000, மோட்டார் சைக்கிளுக்கு 2,000. பார்க்கிற பிரேக் அதே பிரேக். பார்க்கிற விளக்கு அதே விளக்கு. பார்க்க ஆகும் நேரமும் அதே நேரம்! பிறகு ஏன் எட்டு மடங்கு, பதினாறு மடங்கு? சோதனைக்கு வாங்கினால் அது கட்டணம். "இதை வைத்திருக்காதே, விற்றுத் தொலை" என்பதற்காக வாங்கினால் அது அபராதம். அபராதத்துக்குக் கட்டணம் என்று பெயரிடுவது என்ன நாணயம்?

வேடிக்கையைக் கேளுங்கள். அதே மத்திய அரசு 2021 ஜூலையில் இன்னொரு விதியும் போட்டது. ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் கார், ஸ்கூட்டர்களுக்கு 'விண்டேஜ்' என்ற தனிப் பதிவு, தனி நம்பர் பலகை! அன்றாட ஓட்டத்துக்கு அல்ல, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும். நான் அதை எதிர்க்கவில்லை. பழைய இயந்திரத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான், அந்த அழகே தனி. ஆனால் எண்ணிப் பாருங்கள்: பங்களாக் கொட்டகையில் ஐம்பது வயதில் நின்றால் பாரம்பரியம், பாட்டாளியின் வாசலில் பதினைந்து வயதில் நின்றால் பழைய இரும்பு!

டில்லியில் நடந்தது இதைவிடப் பெரிது. அங்கே காற்று நஞ்சாகிவிட்டது என்பது பொய்யல்ல, குழந்தைகள் மூச்சுத் திணறுவது பொய்யல்ல. பசுமைத் தீர்ப்பாயம் 2014-இலும் 2015-இலும் ஆணையிட்டது: பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு, டீசல் வண்டிக்குப் பத்து ஆண்டு, அதற்குமேல் சாலையில் ஓடக்கூடாது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. 2025 ஜூலை 1 அன்று, வயது கடந்த வண்டிக்குப் பெட்ரோல் பங்க்கில் எண்ணெயே ஊற்றாதே என்றார்கள். மக்கள் கொதித்தார்கள். சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்காதீர் என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ். 4 தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கே என்று சுருக்கியது. கவனித்தீரா? சுற்றிச் சுற்றி எங்கே வந்தார்கள்? பிறந்த தேதியை விட்டு, புகையின் தரத்துக்கு! எந்தத் தரத்தில் செய்யப்பட்டது என்பதோடு நில்லாமல், இன்று எவ்வளவு புகை விடுகிறது என்று குழாயில் கருவியை வைத்துப் பார்த்தால் விவகாரம் இன்னும் தெளிவாகும்.

பிரிட்டன் இந்த வழக்கை 1960-இலேயே சந்தித்தது. பத்து ஆண்டு கடந்த கார்களுக்குப் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் சோதனை என்று தொடங்கினார்கள். தேறாமல் போனவை ஏராளம். உடனே என்ன செய்தார்கள்? பத்தாண்டு வண்டிகளை நொறுக்கினார்களா? இல்லை. சோதனையை ஏழாண்டு வண்டிக்கும், 1967-இல் மூன்றாண்டு வண்டிக்கும் நீட்டினார்கள்! வயது எப்போது சோதனை என்பதைச் சொன்னது, ஓடலாமா கூடாதா என்பதைச் சோதனை சொன்னது. 2018-இலிருந்து நாற்பது ஆண்டு கடந்த வண்டிக்கு அங்கே கட்டாயச் சோதனையே இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: கடந்த முப்பது ஆண்டுக்குள் அடிப்படையை மாற்றியிருந்தால் அந்தச் சலுகை கிடையாது.

அந்த நிபந்தனையில் நியாயம் இருக்கிறது. இங்கேதான் நம் தோழர்களோடும் சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது.

குட்டியானைக்காரரின் வண்டியைக் குனிந்து பார்த்தேன். பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை!

"இது எதற்குத் தோழரே?"

"லோடு கொஞ்சம் சேர்த்து ஏற்றலாமே, அண்ணே."

ஸ்பிரிங்குக்குப் பட்டை சேர்த்தீர், பிரேக்குக்கு என்ன சேர்த்தீர்? கம்பெனி ஓர் எடைக்குக் கணக்கிட்டுக் கொடுத்த பிரேக் அது. முதுகை மட்டும் தடித்ததாக்கிவிட்டால் இறக்கத்தில் வண்டி நிற்குமா? அவர் பதில் சொல்லவில்லை. சொன்னது வேறு: "சேர்த்து ஏற்றாவிட்டால் வாடகை கட்டாது, வியாபாரி வேறு வண்டியைக் கூப்பிடுவான்." அதுவும் உண்மைதான். வாடகையைக் குறைத்துக் குறைத்து, ஓட்டுகிறவனைக் குற்றத்துக்குத் தள்ளுகிற வியாபாரியின் பெயர் எந்த எஃப்.சி. புத்தகத்திலும் இல்லை!

சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து வண்டியின் அடிப்படையை மாற்றாதே என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காரின் முன்னே கொழுத்த இரும்புக் கம்பி கட்டிக்கொண்டு பவனி வருகிறார்களே, அதுவும் சட்டவிரோதம் என்று 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் எழுதியது. மோதும்போது அந்தக் கம்பி, அடியைத் தாங்காமல் சட்டத்துக்குக் கடத்திவிடும், நடந்து போகிறவன் எலும்பையும் நொறுக்கும். ஆனால் கால் நடக்காத ஒருவர் தம் ஸ்கூட்டருக்குப் பின்னே இரண்டு துணைச் சக்கரம் பூட்டுகிறாரே, அதுவும் மாற்றந்தான். அதற்குச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. பகட்டுக்கு மாற்றியதையும் பிழைப்புக்கும் உடலுக்கும் மாற்றியதையும் ஒரே கோலால் அளக்கலாகாது. ஜெர்மனியில் மாற்றிய உறுப்பைச் சோதித்து வண்டிப் புத்தகத்திலேயே பதிந்து கொடுக்கிறார்கள். மறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

நாம் மறைக்கிறோம்! எஃப்.சி. அன்று மட்டும் நல்ல டயரை வாடகைக்கு வாங்கி மாட்டி, வண்ணம் பூசி, மறுநாள் வழுக்கை டயரைத் திரும்ப மாட்டுகிற கலை நம்மிடம் உண்டா இல்லையா? ஊரறிந்த இரகசியம். அந்த டயர் ஏமாற்றுவது இன்ஸ்பெக்டரை மட்டுமல்ல.

தானியங்கிச் சோதனை நிலையம் வருவதை இதனால்தான் நான் வரவேற்கிறேன். உருளைமீது சக்கரத்தை ஏற்றினால், இடப்பக்கப் பிரேக் எவ்வளவு இழுக்கிறது, வலப்பக்கம் எவ்வளவு என்று எண் காட்டும். இரண்டும் ஒவ்வாவிட்டால், அழுத்தும்போது வண்டி ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போகும். எண்ணுக்கு முகதாட்சணியம் இல்லை, கையூட்டும் இல்லை. அந்த நிலையம் பழுதுபார்க்கும் தொழிலோ உதிரிபாக வியாபாரமோ செய்யக்கூடாது என்று 2021 விதியே சொல்கிறது. நல்ல விதி. ஆனால் நிலையம் ஐம்பது மைலுக்கு அப்பால் இருந்தால், ஒரு நாள் பிழைப்பு போயிற்று. தேறாமல் திரும்பினால் இன்னொரு நாள் போயிற்று. ஒவ்வொரு வட்டத்திலும் நிலையம் வரட்டும். தேறாத காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். பழுதுபார்க்கக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் சிறு கடன் கொடுக்கட்டும். வயதுக்கேற்ப உயரும் கட்டணத்தை விட்டொழிக்கட்டும். வண்டி பற்றிய சட்டம் பொதுப்பட்டியலில் இருக்கிறது, மாநிலத்துக்கும் வாய் உண்டு. சட்டமன்றத்தில் இதைப் பேசலாம், பேசவேண்டும்.

குட்டியானைத் தோழர் அந்தக் கூடுதல் பட்டையைக் கழற்றிவிடுவதாக என்னிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி அவருக்கு எஃப்.சி. அதற்குமுன் நாலு சக்கரத்துக்கும் பிரேக் லைனிங் மாற்றப் பணம் புரட்டிக்கொண்டிருக்கிறார். நானும் கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.