சபரகமுவ மலைநாட்டிற் கழுத்துக் கழலை

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்கள் சேர்ந்ததே சபரகமுவ மாகாணம். எம் கல்லூரியிற் பயின்று வெளியேறியோருட் பலர் பலாங்கொடை, இறக்குவானை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை முதலிய பகுதிகளிலே ஆசிரியராகவும், தோட்ட வைத்திய உதவியாளராகவும், எழுதுவினைஞராகவும் பணியாற்றியவர். கொழுந்து கொய்யும் பெண்களிடத்தும் இறப்பர்ப் பால் எடுக்கும் பெண்களிடத்தும் முன்கழுத்து வீங்கியிருப்பதை அவர்கள் கண்டிருப்பர். “இவ்வூர்த் தண்ணீரின் குற்றம்” என்பர் சிலர். “தலைவிதி” என்பர் வேறு சிலர். நோயை மட்டுமன்றி அதன் மூலத்தையும் தேடுக என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அந்நெறி நின்று இந்நோயின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூற முற்படுகின்றோம்.

கழுத்தின் முன்புறத்தே, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்தது தைரொயிட்டுச் சுரப்பி. அது சுரக்கும் தைரொட்சின் என்னும் ஓமோன் உடலின் வெப்பத்தையும், வளர்ச்சியையும், மூளையின் விருத்தியையும் நெறிப்படுத்துகின்றது. இவ்வோமோனை ஆக்குதற்கு அயடீன் இன்றியமையாதது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 150 மைக்கிரோகிராம் மாத்திரமே. எழுபது ஆண்டு வாழ்வார்க்கும் மொத்தம் நான்கு கிராம் அளவே போதுமானது. அச்சிற்றளவும் கிட்டாதபோது, மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி தைரொயிட்டை மேலும் மேலும் தூண்டுகின்றது. தூண்டப்பட்ட சுரப்பி பருக்கின்றது, அதுவே கழலையாம்.

அயடீன் ஏன் கிட்டவில்லை? சிவனொளிபாத மலைச் சாரலில் மோதும் தென்மேற்குப் பருவமழையினால் இரத்தினபுரி ஆண்டுதோறும் 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுகின்றது. மலையினின்றும் மணிக்கற்களைக் கழுவிக் கொணர்ந்து பள்ளத்தாக்கிற் சேர்த்தது இந்நீரே. மண்ணின் அயடீனைக் கரைத்துச் சென்றதும் இந்நீரே. இலங்கையின் கழலைப் பிரதேசம் ஈரவலயத்தோடு பெரிதும் ஒத்திருப்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியற் பேராசிரியர் சி. பி. திசாநாயக்க எடுத்துக்காட்டினார். மண்ணில் எஞ்சிய அயடீனையும் களியும் உக்கலும் பற்றிக்கொள்ளுதலால், அது பயிருக்கு எளிதிற் சென்றடைவதில்லை என்பதும் இத்துறை ஆய்வாளர் கண்டதாகும்.

இவ்வறிவு ஒரு நாளில் வந்ததன்று. 1811 இல் கூர்த்துவா என்னும் பிரெஞ்சு இரசாயனர் கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயடீனைக் கண்டுபிடித்தார். 1820 இல் செனீவா நகர வைத்தியர் குவாந்தே அதனைக் கழலைக்கு மருந்தாக அளித்தார். 1895 இல் பௌமன் தைரொயிட்டுச் சுரப்பியில் அயடீன் இருத்தலைக் கண்டார். 1917 இல் அமெரிக்காவின் அக்கிரன் நகரில் மரீன், கிம்போல் என்னும் இருவர் பாடசாலை மாணவியரிடத்து ஓர் ஆய்வைத் தொடங்கினர். அயடீன் பெற்ற 2190 மாணவியருள் ஐவருக்கே சுரப்பி பருத்தது. பெறாத 2305 பேருள் 495 பேருக்குப் பருத்தது. 1922 இல் சுவிற்சர்லாந்து அயடீன் கலந்த உப்பை வழங்கத் தொடங்கிற்று. இந்தியாவில் 1956 இல் இராமலிங்கசுவாமி இமயமலைச் சாரலிலுள்ள காங்கிராப் பள்ளத்தாக்கில் அத்தகைய உப்பின் பயனை நிலைநாட்டும் ஆய்வைத் தொடங்கினார்.

எம் நாட்டிலும் ஆராய்ச்சி நிகழாமலில்லை. மகாதேவா, செந்தே சண்முகநாதன் ஆகிய இருவரும் இலங்கையின் கழலைப் பிரச்சினையை ஆராய்ந்து 1967 இல் பிரித்தானியப் போசணைச் சஞ்சிகையிற் கட்டுரை வெளியிட்டனர். பின்னர், 1986 அளவில் 17 மாவட்டங்களில் 59,158 பிள்ளைகள் பரிசோதிக்கப்பட்டனர். அவருள் நூற்றுக்கு 18.8 பேரிடம் கழலை காணப்பட்டது. மாத்தளையில் 6.5 வீதமாயிருந்த அது, களுத்துறையில் 30.2 வீதமாயிற்று. களுத்துறை கடலோர மாவட்டம் என்பது நோக்கற்பாலது. கடல் அண்மையிலிருப்பதனால் மாத்திரம் காவல் கிடைப்பதில்லை.

கழலை கண்ணுக்குத் தெரிவது. அதனினும் கொடியது கண்ணுக்குத் தெரியாதது. தைரொட்சின் குறைந்தவிடத்து மாதவிடாய் ஒழுங்கு கெடலாம். சூல் வெளிப்படுதல் தடைப்படலாம். கருச்சிதைவும், குழவி இறந்து பிறத்தலும் நேரலாம். லயத்துக் காம்பராவிலே பிள்ளைப் பேறில்லை என்று பழிச்சொல் கேட்டுக் கண்ணீர் விட்ட பெண்களுட் சிலரேனும், மண்ணின் வறுமைக்காகத் தாம் தண்டனை ஏற்றவராதல் கூடும். பள்ளியில் மந்தன் என்று ஒதுக்கப்பட்ட சிறுவனிடத்தும் இக்குறையே இருந்திருக்கலாம். ஆசிரியராகிய எம்மவர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

கருவிலுள்ள சிசுவின் சுரப்பி தொடக்கத்திற் போதிய ஓமோனைச் சுரப்பதில்லை. முதல் மாதங்களில் அதன் மூளை தாயின் தைரொட்சினையே நம்பி வளர்கின்றது. பப்புவா நியூகினியின் மலைப்பகுதியில் 1966 இல் தொடங்கிய ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கிற்று. அயடீன் எண்ணெய் ஏற்றப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளுள் எழுவரும், ஏற்றப்படாதோரின் பிள்ளைகளுள் இருபத்தறுவரும் மூளை வளர்ச்சி குன்றிப் பிறந்தனர். அவ்வெழுவருள் அறுவரின் தாய்மார் எண்ணெய் ஏற்றப்படுமுன்னரே கருவுற்றிருந்தனர். ஆகவே, அயடீன் தாயைச் சேரவேண்டிய காலம் கருவுறுதற்கு முன்னரேயாம். கருவுற்ற பின்னர்க் காலந்தாழ்த்தி மருந்து தேடுதல் பிள்ளைக்கு முழுப்பயன் தராது.

எல்லார் வீட்டிலும் எந்நாளும் பயன்படும் பொருள் உப்பு ஒன்றே. எனினும், கடல்நீரை வற்றவைத்துப் பெறும் உப்பில் இயற்கையாக உள்ள அயடீன் மிகச் சொற்பம். புத்தளத்து உப்பாயினும் அம்பாந்தோட்டை உப்பாயினும் இதுவே உண்மை. ஆதலின் 1995 இல் உண்ணும் உப்பனைத்திலும் அயடீன் கலத்தல் இலங்கையெங்கும் நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டின் பின் பாடசாலைப் பிள்ளைகளிடையே கழலை நான்கு வீதமளவிற்குக் குறைந்தது.

ஆனாற் சட்டம் செய்ததை அடுக்களை அழித்துவிடல் கூடாது. உப்பைக் கழுவிப் போடுதலும், திறந்த சட்டியில் அடுப்பருகே வைத்தலும், நீரூற்றிக் கரைத்து வைத்தலும் அயடீனை இழக்கச் செய்யும். மூடியுள்ள உலர்ந்த பாத்திரத்தில் வைத்துக் கறி வெந்து இறக்கும் வேளையில் இடுதலே நன்று.

அளவு மிகுதலும் தீது. உப்பில் அயடீன் கலந்த பின்னர், பாடசாலை மாணவியரிடத்துத் தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் மிகுந்திருத்தலை 2000 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ஆதலால் அயடீன் அளவைத் தொடர்ந்து கண்காணித்தல் அவசியம். கழுத்து வீக்கம் கண்டோரும், இடையறாத களைப்புடையோரும், கரு தங்காதோரும் தாமே மருந்து தேடாது வைத்தியரை நாடி இரத்தப் பரிசோதனை செய்வித்தல் வேண்டும். குறை காணப்படின், நாடோறும் உட்கொள்ளும் தைரொட்சின் மாத்திரையால் அதனை ஈடுசெய்யலாம்.

கல்லூரி அன்னை எமக்கு அளித்த கல்வி, மலையகத்து லயங்களிலும் ஒளி தருதல் வேண்டும். சபரகமுவத் தோட்டங்களிற் பணிபுரியும் சோதரரே, மாணவரே! தாயாகப் போகும் பெண்ணொருத்தியின் வீட்டிலே உப்பு எவ்வாறு வைக்கப்பட்டிருக்கின்றது என்று ஒருமுறை நோக்குங்கள். அங்கு நீங்கள் கூறும் ஒரு சொல், இன்னும் பிறவாத ஒரு பிள்ளையின் அறிவைக் காத்தல் கூடும்.